கோழிச்சாறும் கால் சிட்டிகை உப்பும்

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாளே அத்தை வந்துவிட்டார். ஆலத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து, ஒரு கையில் கட்டைப்பை நிறையச் சின்ன வெங்காயம், இன்னொரு கையில் அறுத்துச் சுத்தம் செய்த நாட்டுக்கோழி. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றால் அத்தைக்குத் தெரிந்த முதல் வைத்தியம் கோழிச்சாறு. எங்க அப்பாயி காலத்திலிருந்தே அப்படித்தான். பிள்ளை பெத்தவளுக்கு, காய்ச்சல் விட்டு எழுந்தவனுக்கு, மரத்திலிருந்து விழுந்து கை ஒடிஞ்சவனுக்கு, எல்லாருக்கும் அதே சட்டி, அதே சாறு.

ஆனால் இந்த முறை ஒரு சிக்கல். அப்பாவுக்கு இருதயம் பலவீனம், காலில் நீர் கோத்திருந்தது. டாக்டர் இரண்டே விஷயம்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மாத்திரையை விடக்கூடாது, உப்பைக் குறைக்கணும். அத்தையிடம் சொன்னோம். அவர் நம்பாமல் தலையாட்டிவிட்டு, உப்பே இல்லாமல் சாறு வைத்தார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என்னக்கா இது, கோழி கழுவுன தண்ணி மாதிரி இருக்கு."

அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி அப்பா எதுவுமே சாப்பிடவில்லை. ஏற்கனவே எட்டு கிலோ இறங்கியிருந்த மனுசன். உப்பைப் போட்டால் காலில் நீர் ஏறும், போடாவிட்டால் சோறே இறங்காது. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இந்தச் சாறு எப்போதுமே இவ்வளவு உப்போடுதான் இருந்ததா? உப்புக்கு முன்னால் இதற்கு ருசி கொடுத்தது எது? அதைத் தேடிப் போன குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. கடைசியில் அப்பாவின் கிண்ணத்துக்கே திரும்பி வருகிறேன்.

கோழி வாசலுக்கு வந்த கதை

நம்ம வீட்டுக் கோழியின் முதன்மையான முன்னோர் சிவப்புக் காட்டுக்கோழி. தென்கிழக்கு ஆசியக் காடுகளைச் சேர்ந்தது. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற தொல்லியல் களத்தில் கிடைத்த எலும்புகளைத்தான் இப்போதைக்கு மிகப் பழமையான வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்கிறார்கள். கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை. 2022இல் வெளியான அந்த ஆய்வு சொல்லும் காரணம் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மானாவாரியாக நெல்லும் சிறுதானியமும் விதைத்த இடத்தில் தானியம் சிந்தும். அதைப் பொறுக்கக் காட்டுக்கோழி மரத்தை விட்டு இறங்கி வரும். வந்தது அப்படியே தங்கிவிட்டது.

இதில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதைச் சுற்றிய காடுகளிலும் திரிவது சாம்பல் காட்டுக்கோழி. உலகம் முழுக்க வளர்க்கும் கோழிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோலும் காலும் மஞ்சளாக இருக்கிறதே, அந்த மஞ்சளுக்கான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை, நம்ம சாம்பல் கோழியிலிருந்து கலந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் யாரோ வைக்கும் சிக்கன் சூப்பில் கூட நம்ம காட்டின் ஒரு துளி இருக்கிறது.

சங்க காலத்துக்கு வந்தால் கோழி எங்கும் கூவுகிறது. முல்லை நிலத்தின் பறவை காட்டுக்கோழி. முருகன் கொடியில் சேவல். சோழர்களின் பழைய தலைநகரான உறையூருக்கே 'கோழி' என்றுதான் இன்னொரு பெயர். அங்கே ஒரு கோழி யானையோடு மோதி ஜெயித்தது என்பது கதை. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறினால் போய்ச் சேரும் ஊர். இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் நம்ம ஆட்கள் தலைநகருக்குப் போவதைக் 'கோழிக்குப் போறேன்' என்று சொல்லியிருப்பார்கள் போல.

சண்டைக்கோழிக்கு நடுகல்லே எடுத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒன்று, மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் ஒன்று. இரண்டிலும் சேவலின் உருவமும் வட்டெழுத்தும் உண்டு. இந்தளூர்ச் சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயர் கூட இருந்திருக்கிறது. சண்டை போட்டுச் செத்த சேவலுக்கு ஆயிரத்து ஐந்நூறு வருசம் தாண்டி நிற்கும் கல். சட்டிக்குள் போன கோழிக்கு?

சாறுக்குக் கல்வெட்டு இல்லை

கோழி தின்றதற்குச் சான்று இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் மருத நிலத்து வீட்டில் பாணனுக்குச் சோற்றோடு கிடைக்கும் விருந்தில் வீட்டுக்கோழி வருகிறது. பெட்டைக்கோழிக்கு அங்கே 'அளகு' என்று சொல். சமைத்த விதம் 'வாட்டு'. அந்தச் சொல் இன்னும் நம்ம வாயில் இருக்கிறது. இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, ஓலையிலோ வைக்கோலிலோ நெருப்பு வைத்துக் கோழியை வாட்டுவது என்றுதானே சொல்கிறோம். அன்றைக்கு அது சமையலின் பெயர், இன்றைக்குச் சமையலுக்கு முந்தைய வேலையின் பெயர்.

வாட்டின கோழி விருந்து. அது பாட்டில் ஏறிவிட்டது. வேகவைத்த கோழியின் தண்ணீர் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அடுப்படிக்குப் பின்னால் நடப்பது. எந்தப் புலவரும் அங்கே போய்ப் பரிசில் வாங்கவில்லை. கோயில் கல்வெட்டுகளில் சமையல் சாமான் நிறையவே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அமுதுபடிக்கு அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, மிளகு, சீரகம், கடுகு, புளி இவ்வளவு என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது சாமி சாப்பாடு, மரக்கறி. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் இரண்டரை நூற்றாண்டு போலச் சோழர்களின் தலைநகராக இருந்தது. அந்த ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை காய்ச்சலுக்கு எத்தனை கோழி வெந்திருக்கும்! ஒரு கல்லிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கோயில் பட்டியல் எனக்கு உதவியது. அதில் இல்லாத ஒன்றைக் கவனித்தேன். மிளகாய் கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கின பிறகு போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன்னால் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி. புதிதாக வந்த காய்க்கு நம்ம ஆட்கள் மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகு காய்', மிளகாய் ஆக்கிவிட்டார்கள். இன்னொன்று, சங்கத் தமிழில் 'கறி' என்றாலே மிளகுதான். மிளகு போட்டுச் சமைத்ததெல்லாம் கறி என்றாகி, இன்றைக்குக் 'கறி எடுத்தாச்சா' என்று கேட்டால் இறைச்சி. ஒரு சொல் கொடியிலிருந்து ஆட்டுக்கு வந்து சேர்ந்த தூரம் இது.

எல்லாக் குழம்பிலும் மிளகாய் புகுந்துவிட்டது. பத்தியச் சமையலில் மட்டும் அது நுழையவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சாறில் எங்க வீட்டில் இன்றைக்கும் மிளகாய் போட மாட்டார்கள். மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள் மட்டும்தான். அதாவது நோயாளியின் கிண்ணத்தில் 500 வருசத்துக்கு முந்தைய சமையல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கல்வெட்டு இல்லை என்று தேடினேன். கிண்ணமே கல்வெட்டாக இருந்தது.

மிளகுத் தண்ணி கப்பலேறியது

எழுத்தில் இந்தச் சாறு எனக்குக் கிடைத்தது, வேடிக்கையாக, இங்கிலீஷில். 'முல்லிகட்டானி சூப்' என்று பெரிய ஓட்டல் மெனுவில் பார்த்திருப்பீர்கள். நம்ம மிளகுத் தண்ணிதான் அது.

பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம், அதற்கு அடுத்து ரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல் அங்கே ஒரு சண்டை. ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் அடித்துக்கொண்டார்கள். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர். ஆங்கிலப் படை தோற்றுத் திருச்சிப் பக்கம் பின்வாங்கியது. அந்தப் படையோடு வந்தவர்களில் ராபர்ட் கிளைவ் ஒருவர். அப்போது அவர் வேலை படைக்கு உணவுப்பொருள் சேர்த்துக் கொடுப்பது. இந்தியாவைப் பிடித்த ஆள் நம்ம மாவட்டத்தில் அரிசிக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்! இப்படி ஊர் ஊராகத் திரிந்த படைகளும் நம்ம சாப்பாட்டை ருசி பார்த்த வெள்ளைக்காரர்கள்தான்.

யூல், பர்னெல் இருவரும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இந்தச் சொல்லுக்குக் காட்டப்படும் முதல் சான்று 1784ஆம் வருசத்தது. ஹைதர் அலியிடம் பிடிபட்டுப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஒரு கப்பற்படைக்காரர் எழுதிய பாட்டு. எங்க தலையெழுத்து, கஞ்சியும் மிளகுத் தண்ணியும் குடித்துக்கொண்டு கிடக்கிறோம் என்று புலம்புகிறார். பின்னால் லண்டன் கனவான்கள் வெள்ளிக் கரண்டியில் குடிக்கப்போகிற சூப், எழுத்தில் முதலில் வரும்போது ஜெயில் சாப்பாடு.

1878இல் சென்னையில் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற சமையல் புத்தகம் வந்தது. எழுதியவர் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி, புனைபெயர் வைவர்ன். மிளகு, தண்ணி என்ற இரண்டு தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது என்று சரியாகவே சொல்கிறார். உள்ளூர்க்காரர்கள் வைப்பது இறைச்சி இல்லாத எளிய மிளகு நீர், அதன்மேல் இறைச்சிச் சாறையும் மற்றதையும் சேர்த்துத்தான் இங்கிலீஷ்காரர்களின் சூப் ஆனது என்று விவரிக்கிறார்.

இதைப் படிக்கும்போது அந்த வருசத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருசப் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து, நிவாரண வேலை செய்யும் ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் போலவும், கூடக் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது மனுசனுக்குப் போதாது, பருப்பும் மற்றதும் வேண்டும் என்று எதிர்த்து எழுதினார். ஒரு பக்கம் மிளகுத் தண்ணியில் எவ்வளவு இறைச்சிச் சாறு சேர்க்கலாம் என்று புத்தகம். இன்னொரு பக்கம் அந்தத் தண்ணியைக் கண்டுபிடித்தவர்களுக்கு அதில் பிசைந்து தின்னச் சோறு இல்லை. வைவர்ன் மேல் எனக்குக் கோபமில்லை, கவனமாக எழுதிய மனுசர். ஆனால் நம்ம சாறைப் பற்றிய இந்த அச்சுக் குறிப்பு எந்த வருசத்தில் வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சளிக்குச் சூப்: சொன்னதும் சோதித்ததும்

கோழிச்சாறை மருந்தாகப் பார்ப்பது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியம் பார்த்த யூத அறிஞர் மைமோனிடிஸ் நோயாளிகளுக்குக் கோழிச்சாறைப் பரிந்துரைத்து எழுதியிருக்கிறார். அவர் கெய்ரோவில் எழுதிக்கொண்டிருந்தபோது கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் கேள்விப்படாத இரண்டு ஊரில் ஒரே சட்டி.

நம்ம காலத்தில் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1978இல் அமெரிக்காவில் மயாமியில் 15 பேருக்குக் குளிர்ந்த நீர், வெந்நீர், சூடான கோழி சூப் கொடுத்து மூக்கில் சளி நகரும் வேகத்தை அளந்தார்கள். வெந்நீரை விட சூப் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தது. ஆனால் அரை மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. 2000இல் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் ரென்னார்ட் என்ற நுரையீரல் மருத்துவர், தன் மனைவியின் லிதுவேனியப் பாட்டி செய்முறையிலேயே சூப் வைத்து, அது வெள்ளணுக்களின் ஓட்டத்தைக் குறைக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தார். குறைத்தது. அதாவது வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாம். ஆனால் அது கண்ணாடிக் குடுவையில் நடந்தது, மனுச உடம்பில் இல்லை. அதையும் அவரே சொல்லிவிட்டார்.

ஆக, சாறு நோயைக் குணப்படுத்தும் என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அப்பாவின் இருதயத்தை அது சரி செய்யாது, மாத்திரைதான் செய்யும். சாறு செய்வது வேறு. காய்ச்சலில் வாய் கசந்து, மூக்கு அடைத்து, வாசனை தெரியாமல் கிடப்பவனுக்கு மிளகின் காரம் மட்டும் தெரியும். ஏனென்றால் காரம் என்பது நாக்கின் சுவையோ மூக்கின் வாசனையோ இல்லை. எரிச்சலையும் வலியையும் உணர்கிற நரம்பு வழியாகப் போகிறது. அதனால்தான் பத்தியச் சாறில் மிளகு முன்னால் நிற்கிறது. சாப்பிடாமல் கிடக்கும் ஆளைச் சாப்பிட வைப்பது அதுதான். அப்பாவுக்கும் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

உப்பு எப்போது ஏறியது

உள்நாட்டு வறண்ட பூமிக்கு உப்பு எப்போதும் வெளியிலிருந்து வந்த சரக்கு. சங்க காலத்தில் உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து உப்பைக் கொண்டு வந்து நெல்லுக்கு மாற்றினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு வரி. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அந்த வரிக்காகத்தான். அளந்து வாங்கி அளந்து போட்ட பொருள் அது.

அதற்குள் சூப்புக்கு இன்னொரு பாதை திறந்துவிட்டது. 1865இல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியல் அறிஞரின் பெயரில் இறைச்சிச் சாறைச் சுண்டக் காய்ச்சி ஜாடியில் விற்கும் கம்பெனி தொடங்கியது. 1908இல் சுவிட்சர்லாந்தில் ஜூலியஸ் மேகியின் கம்பெனி சூப் கட்டியைக் கொண்டு வந்தது. வெந்நீரில் ஒரு கட்டியைப் போட்டால் சூப் ரெடி. இப்போது கடையில் கிடைக்கும் சூப் கட்டி எதையாவது எடுத்துப் பின்பக்கம் படியுங்கள், பட்டியலில் முதலில் இருப்பது பெரும்பாலும் உப்புதான். ஓட்டல் சூப்பையும் பாக்கெட் சூப்பையும் குடித்துப் பழகிய நாக்கு, வீட்டுச் சாறிலும் அதே உப்பைக் கேட்கிறது. எங்க வீட்டிலேயே அப்படி ஆகியிருந்தது. அத்தை நாலு பேருக்கு வைக்கும் சாறுக்கு இரண்டு டீஸ்பூன் கல்லுப்பைப் பொடித்துப் போடுவது வழக்கம்.

உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது. ஒரு டீஸ்பூனே 5, 6 கிராம் வந்துவிடும். இரண்டு டீஸ்பூனை நாலு கிண்ணத்துக்குப் பிரித்தால் ஒரு கிண்ணத்தில் இரண்டரை முதல் 3 கிராம். நல்ல உடம்பு உள்ளவருக்கே ஒரு நாள் கணக்கில் பாதி ஒரு கிண்ணத்தில் முடிந்தது.

'அப்ப இந்துப்பு போட்டுக்கலாம்ல' என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இதை எல்லாரும் சொல்கிறார்கள், அதனால் அழுத்தியே சொல்கிறேன். இந்துப்பும் உப்புதான். கல்லுப்பு, கடலுப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு. நிறம் இளஞ்சிவப்பாக இருப்பதால் காலில் நீர் ஏறாமல் இருக்காது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது வேறு, அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், இருதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இப்போதைய கோழி

கோழியும் மாறிவிட்டது. பெரம்பலூர் இன்றைக்குத் தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போன மாவட்டம். அந்த மக்காச்சோளத்தில் பெரும்பகுதி நம்ம வாய்க்கு நேராக வருவதில்லை. லாரி ஏறி நாமக்கல், பல்லடம் பக்கத் தீவன ஆலைகளுக்குப் போகிறது. கோழித்தீவனத்தில் பாதி அளவுக்கு மக்காச்சோளம்தான். அங்கிருந்து பிராய்லராகத் திரும்பி வருகிறது. 2018இல் படைப்புழு வந்து நம்ம ஊர்ச் சோளக்காட்டை மேய்ந்தபோது பாதிக்கப்பட்டது விவசாயி மட்டுமில்லை, கோழிப் பண்ணைக்காரரும்தான். முன்பு தானியம் சிந்தியதைப் பொறுக்க வந்த கோழிக்காக, இப்போது காடு முழுக்கத் தானியம் விதைக்கிறோம்.

பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வந்துவிடும். நாட்டுக்கோழி ஒன்றரை கிலோ வர ஐந்தாறு மாசம் ஆகும். ஓடித் திரிந்து வளர்ந்ததால் அதன் தசையும் மூட்டும் கெட்டி. எலும்பையும் தோலையும் சேர்த்துப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் வயசாக ஆக இறுகும். அதை மெதுவாக வேகவைத்தால் கரைந்து ஜெலட்டின் ஆகி, சாறுக்கு ஒரு கொழகொழப்பும் கனமும் தரும். சாறு ஆறினதும் உதட்டில் ஒட்டுகிறதே, அதுதான். பிராய்லரிலும் சாறு வைக்கலாம், தப்பில்லை. கால், கழுத்து, இறக்கையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் அந்தக் கனம் ஓரளவு வந்துவிடும். ஆனால் நெஞ்சுக்கறியை மட்டும் போட்டு வைத்தால் வெறும் தண்ணிதான் மிஞ்சும், பிறகு உப்பைத்தான் கொட்டத் தோன்றும்.

அத்தை மாற்றிய கைப்பக்குவம்

இதையெல்லாம் நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அத்தையிடம் போய் வைவர்ன், மைமோனிடிஸ் என்று ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

"சாமி, நீ கதைய விடு. உப்பு இல்லாம என்னத்தப் போட்டா ருசி வரும், அதச் சொல்லு."

மூன்று நாள் இரண்டு பேரும் சேர்ந்து செய்து பார்த்தோம். முதல் நாள் மிளகைக் கூட்டினோம். காரம் ஏறியது, ருசி ஏறவில்லை. அப்பா இருமினார். இரண்டாம் நாள் புளியைக் கரைத்து விட்டோம். ரசம் மாதிரி ஆகிவிட்டது, கோழி காணாமல் போனது. மூன்றாம் நாள் அத்தையே வழி கண்டுபிடித்தார். சின்ன வெங்காயம்.

வழக்கமாகப் பத்து வெங்காயம் போடும் இடத்தில் முப்பது எடுத்தார். பாதியை அம்மியில் தட்டி, துளி நல்லெண்ணெயில் நன்றாகச் சிவக்கும் வரை வதக்கினார். மீதியை முழுசாகப் போட்டார். அரைக் கிலோ கோழி, எலும்போடு. பத்துப் பல் பூண்டு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு தக்காளி, கொத்தமல்லித் தண்டு. ஒன்றரை லிட்டர் தண்ணீர். மண்சட்டியில் தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி வரும்படி ஒன்றரை மணி நேரம். மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டார். ஒரு லிட்டருக்குச் சுண்டியதும், இரண்டு டீஸ்பூன் மிளகும் ஒன்றரை டீஸ்பூன் சீரகமும் வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி, கொரகொரவென்று இடித்துப் போட்டு, ஐந்து நிமிசத்தில் இறக்கினார். மிளகை முதலிலேயே போட்டால் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும், கடைசியில் போட்டால் கிண்ணத்தில் நிற்கும். கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடி வைத்தார்.

உப்பு அடுப்பில் போடவே இல்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடிக்கொண்டே போகும், முதலில் போட்டால் கணக்குத் தப்பும். இறக்கின பிறகு நாலு கிண்ணத்துக்கும் சேர்த்து அரை டீஸ்பூன். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் கிராமுக்குள். பழைய அளவில் நாலில் ஒன்று. மேலே பாதி எலுமிச்சம்பழம். புளிப்பு இருந்தால் இருக்கிற உப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். கொதிக்கக் கொதிக்க ருசி பார்த்து 'உப்பு பத்தல' என்று முடிவு செய்யாமல் கொஞ்சம் ஆற விட்டோம். சூடு இறங்கினால் நாக்குக்கு உப்பு தெரியும்.

வதக்கின வெங்காயத்தின் இனிப்பு, எலும்பின் கனம், மிளகின் எரிப்பு, எலுமிச்சையின் புளிப்பு. இந்த நாலும் சேர்ந்து உப்பு விட்டுப்போன இடத்தை அடைத்துவிட்டன. எனக்குத் தோன்றியது, உப்பு அளந்து விற்ற காலத்தில் எங்க அப்பாயியின் அப்பாயி வைத்த சாறும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். பட்டறையில் வெங்காயம் கிடக்கிற ஊரில், கையில் தாராளமாக இருந்தது அதுதானே.

அப்பா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். ஒரு வாய், இரண்டு வாய். ஒன்றும் சொல்லவில்லை. முடித்துவிட்டு, "கொஞ்சம் சோறு போட்டுக் குடுக்கா" என்றார். அத்தை உள்ளே போய்ச் சோறு எடுத்து வர வழக்கத்தை விட நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன், நான் கேட்கவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது இந்த அளவையெல்லாம் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். நாள் கணக்குக்குள் வருகிறது, கொடுக்கலாம் என்றார். கூடவே ஒன்று சொன்னார்: சாறும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும், ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம் போதும். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கல்வெட்டிலும் பாட்டிலும் ஏறாத இந்தச் சாறு, எழுத்தில் ஏறியபோது ஒரு ஜெயில் பாட்டாகவும் ஒரு ராணுவ அதிகாரியின் புத்தகமாகவும்தான் ஏறியது. செய்தவர்கள் யாரும் எழுதவில்லை. அதனால் அத்தையின் அளவை இங்கே எழுதி வைக்கிறேன்: வெங்காயம் 30, உப்பு அரை டீஸ்பூன், கிண்ணம் 4.